கரட்டுப்பட்டியின் ஒத்தக் கார்

கரட்டுப்பட்டி வீரணனுடைய பச்சைக் காருக்கு வயது ஏற ஏற உள்ளே இடம் கூடிக்கொண்டே போனது. வாங்கிய புதிதில் ஐந்து பேருக்கு மேல் ஏறினால் முனகுகிற சாதாரண கார்தான் அது. பெயின்ட் வெளுத்து, கதவோரம் துரு பிடித்து, பதினெட்டு வயதைத் தாண்டிய ஓர் ஐப்பசி மாதத்தில், அடைமழைக்கு மினி பஸ் வராமல் போன ஒரு காலையில், தேனிச் சந்தைக்குப் போகவேண்டிய ஏழு பேர் நெருக்கியடித்துக்கொண்டு ஏறப்போக, நெருக்கவே வேண்டியிருக்கவில்லை. எட்டாவதாகக் குடையை மடக்கிக்கொண்டு ஏறிய தவமணி டீச்சர் பின் சீட்டுக்குப் பின்னால் இன்னொரு சீட்டைக் கண்டார், அதற்குப் பின்னால் இன்னொன்றையும் கண்டார், நல்ல ஜன்னலாகப் பார்த்து உட்கார்ந்து நோட்டுத் திருத்த ஆரம்பித்துவிட்டார். வெளியே நின்று பார்த்தால் அதே நீளம், அதே நாலு கதவு, அதே ஒடுங்கிப்போன டிக்கி. அவரைப் பார்த்து இன்னும் மூன்று பேர் ஏறினார்கள். வீரணன் கண்ணாடியில் பார்த்துப் பதினொரு தலை எண்ணி, "கதவைச் சாத்துங்கப்பா, சாரல் அடிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு முதல் கியரைப் போட்டான்.

ஏன், எப்படி என்று ஊர் அதிக நாள் மண்டையைக் குடைந்துகொள்ளவில்லை. கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள், இங்கே தெய்வம் கூரையில் ஒரு கீறல்கூட விழாமல் கொடுத்திருக்கிறது, வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று விட்டுவிட்டார்கள். ஊர் அடித்துக்கொண்டதெல்லாம் யார் எங்கே உட்காருவது என்பதில்தான். ஆறு மாதம் சண்டை போட்டு, இரண்டு முறை பஞ்சாயத்துக் கூடி, கடைசியில் ஒரு முறைக்கு வந்தார்கள்: முன்வரிசைகள் வயசாளிகளுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும்; கருவாட்டுக் கூடைகள் நாற்பதாம் வரிசைக்கு அப்பால்; பேச்சுவார்த்தை அறுந்துபோன பங்காளிகளில் ஒருத்தர் மூன்றாம் வரிசை என்றால் மற்றவர் முப்பதாம் வரிசை; காலேஜ் பிள்ளைகள் பத்தாம் வரிசைக்கு உள்ளேயே, கண்பார்வையில். கடைசி வரிசை எதுவென்று யாரும் போய்ப் பார்த்ததில்லை, போக வேண்டிய தேவையும் வரவில்லை. பின்னால் உட்கார்ந்தவர்கள் வந்து சேரத்தான் கொஞ்சம் நேரமாகும். வீரணன் தேனியில் வண்டியை நிறுத்தி, டீ குடித்து, பேப்பரில் பாதி படித்து முடிக்கும்போதுதான் அவர்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருத்தராக இறங்கி வருவார்கள். ஆள் ஏறாத மினி பஸ் ஒருநாள் நின்றே போய்விட்டது, அதன் டிரைவர் அடுத்த வாரம் பத்தொன்பதாம் வரிசையில் பயணியாக வந்து உட்கார்ந்தார், அவரும் நம்ம ஆள்தானே என்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

வெளியூரில் யாராவது "எத்தனை பேரு வந்திருக்கீக?" என்று கேட்டால் கரட்டுப்பட்டிக்காரன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஊரு வந்திருக்கு" என்பான். வீரணனுக்கு அதைக் கேட்கக் கேட்க நெஞ்சு நிமிரும். அவன் ஏழாம் வகுப்போடு நின்றவன், காணி நிலம் இல்லாதவன், ஆனால் ஒரு சாவு, ஒரு பிரசவம், ஒரு பரீட்சை என்று யார் கை காட்டினாலும் இடமில்லை என்று அவன் வாய் ஒரு நாளும் சொன்னதில்லை, அப்படிச் சொல்ல வேண்டியிராத ஒரே டிரைவர் இந்த ஜில்லாவிலேயே தான்தான் என்ற மிதப்பு அவனுக்கு இருந்தது, இருக்கட்டுமே.

ஆனால் பெருமையைப் பெருக்கிச் சுத்தம் செய்தவள் அவன் பெண்டாட்டி பஞ்சவர்ணம். சனிக்கிழமைதோறும் விடிந்ததும் விளக்குமாற்றோடு காருக்குள் நுழைந்தால் மத்தியானச் சோற்றுக்குத்தான் வெளியே வருவாள், முந்தானை நிறைய வேர்க்கடலைத் தொலியும் பஸ் காலத்து டிக்கெட்டும் ஒற்றைக் கொலுசும் அள்ளிக்கொண்டு. ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு சீட்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து முடிக்க அவளுக்கு மூன்று நாள் ஆகும், அதற்குள் விஜயதசமியும் போய்விடும். "அடுத்த சென்மத்துல சைக்கிள் வச்சிருக்கிறவனுக்கு வாக்கப்படுவேன்" என்று அவள் சொல்லாத வருஷமில்லை.

இப்படிப்பட்ட கார், தன் இருபத்து நாலாவது வயதில், சித்திரை வெயிலில், தேனி ரோட்டில் கறுப்புப் புகையைக் கக்கிவிட்டு நின்றுபோனது. கட்டி இழுத்துவந்து சிக்கந்தர் பாய் பட்டறையில் போட்டார்கள். சிக்கந்தர் பாய் வீரணன் மாமா முறை சொல்லிக் கூப்பிடுகிற மெக்கானிக், கரி பிடித்த கையால் காதைச் சொறிந்து சொறிந்து காதே கறுத்துப்போன மனுஷன். அடியில் படுத்து, மூடியைத் திறந்து, தட்டி, முகர்ந்து பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"மாப்ளே, கிராங்க் தேஞ்சு போச்சு. பிளாக்குல வெடிப்பு. அடித்தகட்டு ஓட்டையில என் தலையே நுழையுது, பாத்துக்க. உள்ள எம்புட்டு இடம் இருந்தாலும் எஞ்சினுக்கு அஞ்சு பேரு பாரம்தான் தெரியும். இத்தனை வருஷம் இழுத்தது அதோட பெரிய மனசு. செஞ்சு தாரேன், ஆனா தாங்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். பேசாம புதுசு ஒன்னு எடுத்துரு."

மற்றபோது என்றால் வீரணன் யோசித்திருப்பான், ஆறப்போட்டிருப்பான். இப்போது அப்படி முடியாது. வைகாசியில் அவன் தங்கச்சி காமுத்தாயின் மகள் மகிழினிக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தவேண்டும், தாய்மாமன் சீர் ஊர் பார்க்க வந்து இறங்கவேண்டும், அதுவும் காமுத்தாய் வாக்கப்பட்ட தோப்புப்பட்டியில் வந்து இறங்கவேண்டும்.

தோப்புப்பட்டியின் வழக்கம் அப்படி. விசேஷ வீட்டுப் பந்தல் வாசலில் ஒருத்தர் மைக்கோடு உட்கார்ந்திருப்பார். யார் வீட்டுச் சீர்வரிசை வந்தாலும் அது எத்தனை காரில் வந்தது என்று எண்ணி ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லுவார், அந்த எண்ணிக்கைதான் அந்தப் பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் ஆயுசுக்கும் மரியாதை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் காமுத்தாயின் வளைகாப்புக்குக் கரட்டுப்பட்டியே வீரணன் காரில் கிளம்பிப் போனது. போனவர்கள் நல்ல பிள்ளைகளாகத் தோப்புப்பட்டி எல்லைப் பிள்ளையார் கோயிலில் வண்டியை நிறுத்தி, இறங்கி, முகம் கழுவி, புடவை மாற்றி, தட்டுகளை அடுக்கி, "நீ போய் வண்டிய நெழல்ல போடு வீரணா, நாங்க நடந்து வாரோம்" என்று சொல்லிவிட்டார்கள். வெறும் காரோடு வீரணன் பந்தல் வாசலில் போய் நிற்க, மைக்கைப் பிடித்திருந்த குருவையா, அதாவது காமுத்தாயின் மாமியாருடைய அண்ணன், வீட்டு வாசலில் மூன்று கார் நிறுத்தியிருப்பவர், "பொறந்த வீட்டு வரிசை வந்திருக்கு, ஒரே ஒரு கார்" என்றார். பந்தல் சிரித்தது. நடந்து வந்தவர்களை மினி பஸ்ஸில் வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து காமுத்தாய்க்கு அந்த ஊரில் ஒத்தக் கார் வீட்டுப் பிள்ளை என்று பெயர். அவள் சண்டை போட்டிருந்தால்கூட வீரணனுக்கு ஆறியிருக்கும், அவள் சிரித்து மழுப்பினாள், அதுதான் அவனை அறுத்தது.

கார் படுத்த சேதி கேட்டு அவள் போன் பண்ணினாள்.

"அண்ணே, இந்தத் தடவையாச்சும் அஞ்சாறு காரா வாங்கண்ணே. வாடகைக்காச்சும் பிடிங்க. எனக்காக இல்ல, பிள்ளைக்கு விவரம் தெரிய ஆரம்பிச்சிருச்சு, அதான்."

வீரணன் "சரி தாயி" என்றான்.

அன்று மாலை பட்டறையில் நின்ற காருக்குள்ளேயே ஊர்க்கூட்டம் போட்டார்கள், அத்தனை பேரும் உட்கார வேறு இடம் ஊரில் கிடையாது. இருபது கார் வாடகைக்கு எடு என்றார்கள் சிலர். அடுத்தவன் காரில் போய் இறங்கி மீசையை முறுக்கினால் மீசை கேட்குமா என்றார்கள் சிலர். வீரணன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியில் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டம் கலையும்வரை ஒரு முடிவுக்கும் வரவில்லை, கூட்டம் என்றால் அப்படித்தான்.

மறுநாள் பஞ்சவர்ணம் அவனைக் கிளப்பிக்கொண்டு தேனியில் ஒரு கார்க் கம்பெனிக்குப் போனாள். கண்ணாடி மாளிகை மாதிரி இடம், உள்ளே ஏ.சி. குளிர், நடுவில் பால் நிறத்தில் ஒரு புதுக் கார். டை கட்டிய தம்பி கதவைத் திறந்துவிட்டான். பஞ்சவர்ணம் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள், மெத்தையை அமுக்கிப் பார்த்தாள், புதுசின் வாசனையை மூக்கு நிறைய இழுத்தாள்.

"எத்தனை பேரு போகலாம் தம்பி?" என்றான் வீரணன்.

"அஞ்சு பேர் சார், தாராளமா."

பஞ்சவர்ணம் தன் வழக்கப்படி கையைத் தலைக்குப் பின்னால் நீட்டி அடுத்த வரிசையைத் துழாவினாள். தகரம் இடித்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்து, சோற்றை வைத்து, எதிரில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு சொன்னாள்:

"இங்கருங்க. அஞ்சு பேருன்னா நீங்க ஒன்னு, நான் ரெண்டு. மிச்சம் மூணு பேரு யாருன்னு சொல்லுங்க. உங்க சித்தப்பா மகனை ஏத்துனா எங்கண்ணன் மூஞ்சிய தூக்கிருவாரு. தவமணி டீச்சர விட்டுட்டுப் போவீகளா? ரோட்டுல கை காட்டுறவகளப் பாத்து நீங்க என்ன சொல்லுவீக?"

"எடமில்லன்னு சொல்லணும்" என்றான் வீரணன். சொல்லிவிட்டுப் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

"உங்க வாயில அது வராது. வரவும் கூடாது. கூட்டுறவ நான்தானே, கூட்டிக்கிறேன். வண்டிய நம்மாளுக செஞ்சு குடுக்கட்டும்." குழம்புச் சட்டியை மூடிக்கொண்டே தன்பாட்டுக்குச் சொல்வது மாதிரி, "அன்னைக்குத் தப்பு கார்ல இல்ல. பிள்ளையார் கோயில்ல எறங்குனமே, அதான் தப்பு. நம்ம எறங்குறத அவுக பாக்கவே இல்ல" என்றாள்.

வீரணன் எச்சில் கையோடு எழுந்து பட்டறைக்கு ஓடினான்.

முப்பது நாள் சிக்கந்தர் பாய் வீட்டுக்குப் போகவில்லை, வீடே பட்டறைக்கு வந்து அவருக்குச் சோறு போட்டது. ஒரு பழைய டிராக்டரின் கிராங்கை வாங்கித் தேனி லேத்தில் கடைந்து கொண்டுவந்தார். பிளாக்கின் வெடிப்பை வெல்டு வைத்து அடைத்தார், எண்ணெய் டின்களை வெட்டி விரித்து அடித்தகட்டுக்கு ஒட்டுப் போட்டார். ஊர் முறை வைத்து வந்து உதவியது: ஒரு தெரு உப்புத்தாள் தேய்த்தது, ஒரு தெரு பெயின்ட் அடித்தது, பச்சை எது என்பதில் கருத்து வேறுபாடு வந்து இடது பக்கம் கிளிப்பச்சையாகவும் வலது பக்கம் இலைப்பச்சையாகவும் முடிந்தது. காது குத்து அன்று காலையில்தான் சாவியைக் கையில் கொடுத்தார். "எஞ்சின் சரி மாப்ளே. கைப்பிரேக்கு மட்டும் பிடிக்காது, அதப் பாக்க நேரமில்ல. எங்க நிறுத்துனாலும் காலை எடுக்காத" என்று சொல்லிவிட்டுத் தானும் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

கரட்டுப்பட்டியில் அன்று நாய்களும் கோழிகளும்தான் மிச்சம். பழத்தட்டு, பலகாரத்தட்டு, பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, மாலை போட்ட இரண்டு ஆட்டுக்கிடாய், வாழைத்தார்கள், பன்னிரண்டாம் வரிசையில் உறுமியும் நாயனமுமாக மேளக்காரர்கள் என்று எல்லாம் ஏறிய பின்னும் உள்ளே காற்று தாராளமாக வந்தது. நானூறு பேருக்கு மேல், எவரும் சரியாக எண்ணவில்லை. பாட்டும் பேச்சுமாகப் போன கார், தோப்புப்பட்டிக்குள் நுழைகிற வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் மூச்சு வாங்கியது, இருமியது, நின்றுவிட்டது. ரேடியேட்டரிலிருந்து இட்லிச் சட்டியைத் திறந்தாற்போல் ஆவி கிளம்பியது. மோட்டார் சைக்கிளில் போன தோப்புப்பட்டிப் பையன்கள் இரண்டு பேர் வேகத்தைக் குறைத்து, பல்லைக் காட்டிவிட்டுப் போனார்கள்.

வீரணனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. "எல்லாரும் எறங்கித் தள்ளுங்கப்பா" என்று திரும்பியவனைப் பஞ்சவர்ணம் அடக்கினாள். "ஒருத்தரும் எறங்கக்கூடாது. எறங்குனா மறுபடியும் நடந்து வந்த கூட்டம்னுதான் சொல்லுவாக. உள்ள இருந்தே தள்ளுங்க."

உட்கார்ந்திருக்கிற வண்டியை உள்ளேயிருந்து தள்ள முடியாது, அது விஞ்ஞானம் என்றார் தவமணி டீச்சர், சொல்லிக்கொண்டே அவரும் தள்ளினார். பின்வரிசை முன்வரிசையின் முதுகில் கை வைத்தது, முன்வரிசை அதற்கு முன்வரிசையின் முதுகில் வைத்தது, மூன்றாம் வரிசைப் பங்காளியின் பலமும் முப்பதாம் வரிசைப் பங்காளியின் பலமும் பல வருஷத்துக்குப் பிறகு ஒரே திசையில் போய்ச் சேர்ந்தன, "ஏலேலோ" என்று எங்கோ கண்ணுக்குத் தெரியாத ஆழத்திலிருந்து ஒரு குரல் கிளம்பி வரிசை வரிசையாக ஏறி வந்து வீரணன் பிடரியில் மோதியது. கார் நகர்ந்தது. பாலம் ஏறியது. சரிவில் இறங்கும்போது எஞ்சின் தானாகப் பிடித்துக்கொண்டது, சிக்கந்தர் பாய் கையெடுத்துக் கும்பிட்டார்.

பந்தல் அந்தச் சரிவின் அடியில்தான் இருந்தது. வீரணன் வாசலுக்கு நேரே நிறுத்திப் பிரேக்கை மிதித்துப் பிடித்தான். மடிப்புக் கலையாத வேட்டியில் உட்கார்ந்திருந்த குருவையா இருவேறு பச்சை அடித்த காரை ஏற இறங்கப் பார்த்து, மைக்கைத் தட்டி, "தாய்மாமன் சீர் வந்திருக்கு. ஒரு கார்" என்றார். பந்தலில் சிரிப்பு ஓடியது. வாசலில் நின்ற காமுத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

நாலு கதவும் திறந்தன. முதலில் பஞ்சவர்ணம் பட்டுப்பாவாடைத் தட்டோடு இறங்கினாள். அவளுக்குப் பின்னால் பத்துத் தட்டு, முப்பது தட்டு. அறுபதாவது தட்டு இறங்கும்போது பந்தலில் சிரிப்பு நின்றிருந்தது. மேளம் இறங்கி முழங்கியது. கிடாய்கள் இறங்கின, வாழைத்தார்கள் இறங்கின, தடி ஊன்றியவர்கள் இறங்கினார்கள், மடியில் பிள்ளையோடு மருமகள்கள் இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். குருவையா தன்னையறியாமல் மைக்கில் தலைகளை எண்ண ஆரம்பித்து, நூற்றித் தொண்ணூறுக்கு வந்தபோது குரல் கம்மி, ஒரு சோடா குடித்து, விட்ட இடம் மறந்துபோய், வாயைத் திறந்தபடி உட்கார்ந்துவிட்டார். காமுத்தாயின் தலை எப்போது நிமிர்ந்தது என்று வீரணன் பார்க்கவில்லை, பார்த்தபோது அது நிமிர்ந்திருந்தது.

காது குத்த வந்த ஆசாரி அவசரப்படுத்தினார், முகூர்த்தம் முடியப்போகிறதாம். காமுத்தாய் ஓடிவந்தாள்.

"அண்ணே, எறங்குங்கண்ணே. உங்க மடி இல்லாம குத்த முடியாது."

"காலை எடுத்தா வண்டி பந்தலுக்குள்ள பாஞ்சிரும் தாயி. உள்ள இன்னும் எரநூறு பேரு எறங்காம இருக்காக."

காமுத்தாய் பந்தலைப் பார்த்தாள். வாழை மரம், சீரியல் பல்பு, தாய்மாமனுக்குப் போட்ட சிம்மாசனம் மாதிரி நாற்காலி எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு விடுவிடுவென்று போய் மகளைத் தூக்கிக்கொண்டு, ஆசாரியின் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு வந்தாள். டிரைவர் சீட்டில் வீரணன் மடியில் மகிழினி உட்கார்ந்தாள், ஸ்டீயரிங் அவள் இடுப்பில் இடிக்காமல் இருக்க அவன் மூச்சை எக்கினான். தோப்புப்பட்டிக்கு ஒன்றும் தெரியவில்லை. எட்டிப் பார்த்தார்கள், ஒருத்தர் தோளில் ஒருத்தர் ஏறிப் பார்த்தார்கள். "வெளிய நின்னா எப்பிடித் தெரியும், உள்ள வாங்க" என்றாள் காமுத்தாய். முதலில் பிள்ளைகள் ஏறின. பிறகு பெண்கள். கரட்டுப்பட்டிக்காரர்கள் விலகி விலகி முறைப்படி வரிசை காட்டினார்கள். கடைசியில் குருவையாவும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார். விசேஷத்துக்கு வந்த ஊர், கூப்பிட்ட ஊர் இரண்டும் உள்ளே உட்கார்ந்தன.

ஆசாரி ஊசியை இறக்கினார். மகிழினி போட்ட சத்தம் வரிசை வரிசையாகப் பின்னால் போய், அங்கிருந்து கொஞ்சம் தாமதமாகக் குலவைச் சத்தமாகத் திரும்பி வந்தது. வீரணனின் வலது கால் மரத்துப்போய்விட்டது. அந்தக் காலை நினைத்து அவனுக்குப் பெருமையாக இருந்தது, வாய்விட்டுச் சொல்லவேண்டும் போலக்கூட இருந்தது.

மூன்றாம் வரிசையிலிருந்து குருவையா முன்னால் சாய்ந்து அவன் காதருகே வந்தார். "மாப்ளே, எங்க வீட்டு வாசல்ல நிக்கிற மூணு காரையும் எடுத்துக்கங்க. இத எனக்குக் குடுத்துருங்க."

"அஞ்சு பேரு ஏறுற வண்டி மூணு வச்சு நான் என்னங்க செய்யப்போறேன்?" என்றான் வீரணன், கண்ணாடியைப் பார்த்தபடி.

அப்போதுதான் கதவண்டை சலசலப்பு. காமுத்தாயின் மாமியார் சீனியம்மாள், அதுவரை பந்தலில் தனியாக வீம்பாக நின்றுகொண்டிருந்தவள், இனி நிற்பது அழகில்லை என்று வந்து, முன் சீட்டில் தொற்றிக்கொண்டாற்போல் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒரு காலை வெளியே வைத்திருந்தாள். காமுத்தாய் அந்தக் காலைப் பார்த்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இந்த ஊருக்கு வந்த எட்டு வருஷத்தில் ஒரு நாளும் பேசாத நிதானமான சத்தத்தில், இரண்டு ஊரும் கேட்கச் சொன்னாள்:

"காலை உள்ள எடுத்து வச்சு நல்லா சாஞ்சு உக்காருங்கத்தே. இது எங்கண்ணன் வண்டி."